வட்டிக்கடைக்காரர் பேரன் படித்த இஸ்லாம்

குர்ஆனிலேயே நீளமான வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் சொர்க்கம், நரகம், இறைவனின் ஒருமை என்று ஏதாவது சொல்லத்தான் தோன்றும். அதெல்லாம் இல்லை. கடன் பத்திரம் எழுதுவது பற்றியது. இரண்டாவது அத்தியாயமான அல்பகராவின் 282ஆம் வசனம். மதீனாவில் அச்சாகும் பிரதிகளில் அந்த ஒரு வசனமே முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது.

தவணை வைத்துக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ளுங்கள் என்று தொடங்குகிறது. எழுதத் தெரிந்தவர் நேர்மையாக எழுத வேண்டும், மாட்டேன் என்று மறுக்கக் கூடாது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குகிறவர், கொடுக்கிறவர் அல்ல. அவர் விவரம் போதாதவராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் சொல்லலாம். இரண்டு ஆண் சாட்சிகள் வேண்டும், இல்லையென்றால் ஒரு ஆணும் இரண்டு பெண்களும். (இந்தக் கணக்கைப் பற்றிய சண்டை தனிக்கதை, இன்றுவரை ஓயவில்லை.) தொகை சின்னதோ பெரியதோ, எழுதச் சலித்துக்கொள்ளக் கூடாது. கைக்குக் கை மாறுகிற வியாபாரமானால் எழுதாமல் விடலாம். எழுதுகிறவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது. அடுத்த வசனம் இன்னும் ஒரு படி போகிறது: பயணத்தில் இருக்கிறீர்கள், எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் அடமானம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் செட்டிநாட்டுக்காரன். என் ஐயா, அதாவது ஆத்தாவைப் பெற்றவர், ரங்கூன் மோகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கட்டடம்) பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பிறகு ஏஜெண்டாகி, கொண்டுவிற்கப் போன (கடல் கடந்து தொழில் செய்யப் போன) பணத்தில் காரைக்குடியில் வீடு கட்டியவர். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் பேரேடுகள் துணியில் கட்டி அடுக்கியிருக்கும். சாமி படத்துக்கு இருக்கிற மரியாதை அவற்றுக்கும் உண்டு, மிதித்துவிட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். அப்படி வளர்ந்தவனுக்கு ஒரு வேத நூல் திடீரென்று பத்திரம், சாட்சி, தவணை, அடமானம் என்று பேசினால் எப்படி இருக்கும்? தமிழாக்கத்தில் முதன்முறை படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் அதற்கு மேலே 275 முதல் 281 வரை உள்ள வசனங்களையும் படிக்க வேண்டும். அங்கே எங்கள் குலத்தொழிலுக்கே சீட்டுக் கிழிகிறது. இறைவன் வியாபாரத்தை அனுமதித்தான், வட்டியைத் தடுத்தான் என்று அங்கே இருக்கிறது. வியாபாரமும் வட்டியும் ஒன்றுதானே என்று அந்தக் காலத்து ஆட்கள் வாதாடினார்கள் என்பதையும் குர்ஆனே பதிவு செய்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் கேட்டு வளர்ந்த வாதமும் அதுதான். 280ஆம் வசனம், கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திருங்கள், தள்ளிவிட்டால் இன்னும் நல்லது என்கிறது. இதைப் படித்தபோது பர்மா ஞாபகம் வராமல் இருக்குமா? கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938ல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலத்துக்கு ஆசைப்பட்டு யாரும் கப்பலேறவில்லைதான். உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் கைக்கு வந்தது. பொறுத்திருக்க இவர்களுக்கும் வசதியில்லை, இவர்களே பாங்கிக்குக் கடன்பட்டவர்கள். 1948ல் நிலச் சட்டம் வந்தது, எல்லாம் போயிற்று.

இந்த வசனத்தைப் பற்றி நான் சிலாகித்துப் பேசியது அடுத்த தெரு ஹாஜியாரிடம். ராவுத்தர், எழுபதைத் தாண்டியவர். அவருடைய அத்தா திண்டுக்கல் தோல் மண்டியில் இருந்து முன்னுக்கு வந்தவர். ஹாஜியார் நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க கடைக்காரன் கண்ணால பாக்குறீங்க. தப்பில்ல. ஆனா தொழுகையில நிக்கறப்ப அது பத்திரம் மாதிரியா கேக்கும்? நோன்பு மாசம் வந்து வெளியில உக்காந்து கேட்டுப் பாருங்க."

போனேன். ரமலான் மாதத்தில் இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு தராவீஹ் என்று ஒரு நீண்ட தொழுகை உண்டு. எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல்களில் இருபது ரக்அத், அதாவது நின்று, குனிந்து, பணிகிற சுற்று இருபது. முழுக் குர்ஆனையும் மனப்பாடமாக வைத்திருக்கிற ஹாஃபிழ் ஒருவர் முன்னால் நின்று ஓதுவார். மொத்தம் முப்பது பாகம். இரவுக்கு ஒரு பாகமோ கொஞ்சம் கூடுதலாகவோ ஓதி, பெரும்பாலும் 27ஆம் இரவுக்குள் முடித்துவிடுவார்கள். பின்னால் நிற்கிறவர்களில் அரபி புரிந்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள். பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடையில் நின்றவர்கள், மாலையில் கஞ்சி குடித்து நோன்பு திறந்தவர்கள், மறுபடி வந்து கால் கடுக்க நிற்கிறார்கள். அல்பகரா முதல் மூன்று இரவுகளில் வந்துவிடும். அந்த நீள வசனம் எப்போது வந்து போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஓதுகிறவர் மூச்சை எங்கே நிறுத்தினார், எங்கே இழுத்தார், எங்கே குரல் சட்டென்று தாழ்ந்தது, அதுதான் காதில் நின்றது.

ஐந்து நேரத் தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் பற்றியெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வாசித்துவிடுகிறோம். 'ஐந்து கடமைகள்' என்று பட்டியல் போட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் இதில் ஜகாத் என்கிற கட்டாய தர்மம் மட்டும் எனக்கு நேரடியாகப் பழக்கம், ஏனென்றால் ஹாஜியாருக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது நான்தான். வரம்புக்கு மேல் சேமிப்பு இருந்து அது ஒரு சந்திர வருஷம் நின்றால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம். தங்கத்தை வைத்துப் பார்த்தால் வரம்பு 85 கிராம். கொடுக்க வேண்டிய எட்டுப் பிரிவினரைக் குர்ஆன் ஒன்பதாவது அத்தியாயத்தில் சொல்கிறது. அதில் கடனில் மூழ்கியவர்களும் ஒரு பிரிவு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் கடன் கொடுத்து வராமல் கிடக்கும் பணத்துக்கு ஜகாத் உண்டா? இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபி. ஹனஃபி நூல்களில் ஒரு கருத்து இப்படிப் போகிறது: வாங்கியவன் இல்லையென்று சாதித்தாலும் உன்னிடம் ஆதாரம் இருந்தால் அது உன் சொத்துதான், பணம் கைக்கு வந்ததும் போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆதாரமே இல்லாமல் மறுக்கப்பட்ட கடனென்றால் பழைய வருஷங்களுக்கு இல்லை. ஹாஜியார் எல்லாவற்றுக்கும் புரோநோட்டு எழுதி வாங்குகிற ஆள். "எழுதி வச்சதுக்குத் தண்டனையா?" என்று கேட்டேன். "எழுதி வச்சதாலதான் பணமே வருது, அதுல கொடுக்கறதுக்கு என்ன?" என்றார். வாராக்கடன் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யோசித்த ஒரு மதச் சட்டத்தை மேற்கத்திய எழுத்தில் பெரும்பாலும் வாள், அந்தப்புரம், பாலைவனம் என்ற மூன்றுக்குள் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணும் கதவும் மட்டுமல்ல, பெரிய வீடுகளிலிருந்து வந்த ஆங்கிலப் புத்தகங்களும் கிடைக்கும். அந்தக் காலத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்க வாங்கி அடுக்கியவை. பாதிக்கு மேல் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கார்லைல் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் எனக்குக் கிடைத்தது அங்கேதான்.

தாமஸ் கார்லைல் 1840 மே 8ஆம் தேதி லண்டனில் முகம்மது நபியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். வீரர்கள் வரிசையில் 'இறைத்தூதராக வந்த வீரன்' என்று நபியை வைத்தார். அதுவரை ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த கதைகளை எண்ணிப் பார்த்தால் இது பெரிய விஷயம். ஒரு கதை: நபி ஒரு புறாவைத் தன் காதிலிருந்து பட்டாணி கொத்தப் பழக்கிவைத்து, அதுதான் தனக்குச் செய்தி சொல்லும் வானவர் என்று ஊரை நம்பவைத்தாராம். அரபி மொழி படித்த போகாக் என்ற ஆங்கிலேய அறிஞர், இதை எழுதியிருந்த குரோஷியஸிடம், இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். ஆதாரம் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. இந்தச் சம்பவத்தைக் கார்லைலே மேடையில் சொல்லி, இத்தகைய பொய்கள் நமக்குத்தான் அவமானம் என்கிறார். நபி நேர்மையான மனிதர், வேஷக்காரர் அல்ல என்பதுதான் கார்லைலின் வாதம்.

அதே மூச்சில் குர்ஆனைக் களைப்பூட்டும் குழப்பமான குவியல் என்கிறார். கடமையுணர்ச்சி இல்லாமல் எந்த ஐரோப்பியனாலும் அதைப் படித்து முடிக்க முடியாதாம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் படித்தது ஜார்ஜ் சேல் என்ற லண்டன் வழக்கறிஞர் 1734ல் செய்த ஆங்கிலாக்கம். மேஜையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், முதல் பக்கத்திலிருந்து. குர்ஆன் ஏறத்தாழ நீள அத்தியாயங்கள் முன்னாலும் சின்ன அத்தியாயங்கள் பின்னாலுமாக அமைந்த நூல். முன்னாலிருந்து நுழைகிறவன் நேரே 286 வசனங்கள் கொண்ட அல்பகராவில் போய் விழுவான். எங்கள் ஊர் மதரஸாப் பிள்ளை அப்படி நுழைவதில்லை. அது 'அம்ம ஜுஸ்வு' என்கிற கடைசிப் பாகத்தில் தொடங்குகிறது. இரவின் மீது சத்தியம், அத்தியின் மீதும் ஒலிவத்தின் மீதும் சத்தியம் என்று நாலைந்து வரி அத்தியாயங்கள். காலத்தால் முந்தி இறங்கியவற்றில் பலவும் அவைதான். பாயில் சம்மணம் போட்டு, முன்னும் பின்னும் ஆடி, சத்தம் போட்டு ஓதுகிற ஐந்து வயசுப் பிள்ளைக்குக் கார்லைலின் சலிப்பு வர வாய்ப்பே இல்லை.

நாவலாசிரியராக இருந்து முஸ்லிமான மார்மடூக் பிக்தால் இதை உணர்ந்திருந்தார். 1930ல் வெளியான தன் ஆங்கிலாக்கத்தின் முன்னுரையிலேயே, அந்த ஓசையே மனிதர்களை அழவைப்பது, அதை மொழிபெயர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஹைதராபாத் நிஜாமிடம் வேலை பார்த்தவர், 1927ல் சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றியவர். அதே சென்னைச் சொற்பொழிவு வரிசையில் இரண்டு வருஷம் கழித்து வந்தவர்தான் கவிஞர் இக்பால்.

கார்லைலிடம் எனக்கு ருசிப்பது வேறொரு விஷயம். அவருக்குத் தன் காலத்து இங்கிலாந்தைப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் இன்பம் இவ்வளவு, துன்பம் இவ்வளவு என்று தராசில் நிறுத்துப் பார்க்கிற, பெந்தாம் என்ற தத்துவவாதியின் சிந்தனையைப் பிடிக்கவில்லை. அதைத் திட்ட அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அரேபியாவிலிருந்து கூட்டிவந்தார். கணக்குப் பார்க்கிறவர்களை அடிக்க அவர் தேர்ந்தெடுத்தது, வணிகராக வாழ்ந்தவரை, சின்னத் தொகையென்றாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்று ஓதிக் காட்டியவரை!

இப்படித்தான் மற்றவர்களும். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் 1741ல் நபியைப் பெரிய மோசடிக்காரராகக் காட்டி ஒரு நாடகம் போட்டார். அடுத்த வருஷம் பாரிசில் அது சில ஆட்டங்களோடு நின்றுபோனது, நின்றதற்குக் காரணம் முஸ்லிம்கள் அல்ல. இவன் முகம்மதைச் சாக்காக வைத்து நம்மையல்லவா அடிக்கிறான் என்று பாரிஸ் பக்திமான்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். வோல்டேர் சளைக்காமல் அதைப் போப்பாண்டவருக்கே காணிக்கையாக்கினார்! ஆங்கிலேயரான கிப்பன் ரோம சாம்ராஜ்யத்தின் வரலாறு எழுதும்போது இஸ்லாத்தில் சாமியார் மடங்கள் இல்லாததை ரசித்து எழுதினார், அவர் பல்லைக் கடித்தது கிறிஸ்தவத் துறவிகளைப் பார்த்து.

இதெல்லாம் புத்தகத்தோடு நின்றால் சரி. நிற்கவில்லை. சட்டத்தில் நடந்தது எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு முஸ்லிம் வழக்குகளைத் தீர்க்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. 12ஆம் நூற்றாண்டின் ஹிதாயா என்ற ஹனஃபி நூலை முதலில் அரபியிலிருந்து பாரசீகத்துக்குக் கொண்டுவரச் செய்தார்கள். அதிலிருந்து சார்லஸ் ஹாமில்டன் 1791ல் ஆங்கிலமாக்கினார். காஜியார்கள் என்ற இஸ்லாமிய நீதிபதிகள் பல நூல்களைப் புரட்டி, ஊரையும் ஆளையும் பார்த்துச் சொல்லிவந்த தீர்ப்பு, இந்த மாதிரி ஒன்றிரண்டு ஆங்கிலப் புத்தகங்களின் பக்க எண்ணாகச் சுருங்கியது. பிறகு 1894ல், இந்திய வழக்குகளுக்கு அப்போது கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் ஒரு வழக்கு வந்தது. வங்காளத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று தன் சொத்தை வக்ஃபு செய்திருந்தது, அதாவது விற்க முடியாத அறச்சொத்தாக எழுதிவைத்திருந்தது. பலன் தலைமுறை தலைமுறையாக வாரிசுகளுக்கு, வாரிசு அற்றுப்போனால் ஏழைகளுக்கு. இது தர்மம் அல்ல, பெயருக்குத் தர்மம், செல்லாது என்று ஹாப்ஹவுஸ் பிரபு தீர்ப்பு எழுதினார். சொந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது எப்படித் தர்மம் ஆகும் என்பது ஆங்கிலேய மூளைக்குப் பிடிபடவில்லை. குடும்பத்துக்குச் செலவிடுவதே ஒரு தர்மம் என்று நபிமொழி இருக்கிறது, கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி அமீர் அலி ஏற்கெனவே இதையெல்லாம் விரிவாக எழுதியிருந்தார். எடுபடவில்லை. எத்தனையோ குடும்பங்களின் வக்ஃபு சொத்துகள் கடன்காரர்களிடம் போகும் நிலை வந்தது. கடைசியில் ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913ல் சட்டமாகித்தான் அது சரியானது.

எங்கள் வீடுகளில் இதைச் சொன்னால் உடனே புரியும். கோவிலுக்கு எழுதிவைத்த சொத்தில் கட்டளையை நடத்துகிறவர் யார்? அந்த வீட்டு வாரிசு. வியாபாரத்தில் மகமை என்று ஒதுக்கிய பணம் ஊர்ப் பொதுக்கா, நகரத்தார் பொதுக்கா, சாமிக்கா? மூன்றுக்கும்தான். தர்மத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் மதில் கட்டிப் பார்க்கிற பழக்கம் இங்கே இல்லை. அந்தத் தீர்ப்பை எங்கள் ஆயா கேட்டிருந்தால், பெற்ற பிள்ளைக்குப் போடாதவன் ஊருக்கு என்ன போடப்போகிறான் என்று கேட்டிருப்பாள்.

வில்லியம் மியூர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட இந்தியாவில் பெரிய அதிகாரி. அரபி மூலங்களைப் படித்தவர். 1858 தொடங்கி நான்கு பாகங்களில் நபியின் வாழ்க்கையை எழுதினார். உழைப்பு அதிகம், மனசாட்சியும் உண்டு, ஆனால் கை மட்டும் பாதிரியாரின் கை. அதற்குப் பதில் எழுதுவதற்காகவும் சர் சையது அகமது கான் லண்டன் போய், நூலகங்களில் உட்கார்ந்து, பணத்துக்குத் திண்டாடி, 1870ல் அங்கேயே புத்தகம் போட்டார். வைதுவிட்டுப் போவது சுலபம். அவர் மியூர் காட்டிய சான்றுகளையே ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டார்.

எட்வர்ட் சயீத் 1978ல் ஓரியண்டலிசம், அதாவது கிழக்கைப் பற்றிய மேற்கத்தியப் பார்வை, பற்றி எழுதிய பிறகு, மேற்கத்தியர் எழுதியது எல்லாமே ஆதிக்கத்தின் நீட்சிதான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. வக்ஃபு வழக்கைப் பார்த்தால் சயீத் சொன்னது அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது முக்கியமாக பிரிட்டிஷ், பிரெஞ்சு எழுத்துகளை. ஜெர்மன்காரர்களை ஏறக்குறைய ஒதுக்கிவைத்தார், அரபிப் படிப்பில் பாதி வேலை அங்கேதான் நடந்தது. என் கட்சி இதுதான்: ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சண்டையைத் தூக்கிக்கொண்டு போய் இஸ்லாத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிலருடைய சண்டைக்குப் பின்னால் பட்டாளம் இருந்தது, சிலருக்கு இல்லை. இரண்டையும் ஒரே கூடையில் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

வியாபாரத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம் அது. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் ஒவ்வொரு மதத்துக்கும் அதைச் சுமந்துசென்ற ஒரு வர்க்கத்தைச் சொன்னார். இஸ்லாத்துக்கு அவர் சொன்னது, உலகை வெல்லும் போர்வீரன். அவர் கீழக்கரையையோ காயல்பட்டினத்தையோ நாகூரையோ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இந்தக் கரைக்கு இஸ்லாம் வந்தது கப்பலில், சரக்கோடு. மரக்கலம் ஓட்டியவர்களும் குதிரை வணிகம் செய்தவர்களும் கொண்டுவந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் எங்கள் ஆட்களின் கிட்டங்கியும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. போர்வீரன் கதை வேறு இடங்களுக்குச் சரியாக இருக்கலாம், இந்தக் கரையில் செல்லாது.

1892லேயே டோரி என்ற அமெரிக்கர் குர்ஆனில் வரும் வணிகச் சொற்களை மட்டும் திரட்டி ஒரு ஆய்வு எழுதினார். கணக்கு, தராசு, கூலி, நஷ்டம், கடன் என்று நிறைய. இறைவனுக்கு அழகிய கடன் கொடுப்பவர் யார் என்று குர்ஆன் கேட்கிற இடமெல்லாம் உண்டு. மாண்ட்கோமரி வாட் என்ற வரலாற்றாய்வாளர் 1953ல் மக்காவைப் பற்றி எழுதியபோது, அது பெரும் வணிகச் சந்தை, அங்கே பணம் சேர்ந்ததும் பழைய குலக் கட்டு தளர்ந்தது, அனாதையும் விதவையும் கைவிடப்பட்டார்கள், அதற்குப் பதிலாக ஒரு குரல் எழுந்தது என்றார். எனக்கு இது தேனாக இருந்தது. அப்புறம் பேட்ரிஷியா க்ரோன் என்ற இன்னொரு வரலாற்றாய்வாளர் வந்தார். 1987ல் அவர் எழுதிய புத்தகம் வாட் கட்டிய சந்தையை இடித்துத் தள்ளியது. வாசனைத் திரவியமும் பட்டும் மக்கா வழியாகப் போனதற்குச் சான்றே இல்லை, மக்காக்காரர்கள் விற்றதாகத் தெரிவது தோல், துணி, நெய் மாதிரி மலிவான சரக்குதான் என்றார். சான்றுகளை அவர் புரட்டிக் காட்டுகிற விதம் இருக்கிறதே, வக்கீல்கூட அப்படிக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்.

இதை ஹாஜியாரிடம் சொன்னேன். "மக்காவுல பெரிய வியாபாரம் எதுவும் இல்லையாம், வெறும் தோல்தான் வித்தாங்களாம், ஒரு அம்மா எழுதியிருக்காங்க." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெறும் தோலா? அந்தம்மா திண்டுக்கல் மண்டியப் பாத்திருக்க மாட்டாங்க. எங்க அத்தா அந்தத் தோல்லதான் நாலு பொண்ணைக் கட்டிக் குடுத்தாங்க." எங்கள் ஆட்களும் உப்பு விற்றுத்தான் தொடங்கினார்கள் என்று நான் சொன்னேன். அதற்காக க்ரோன் சொன்னது தவறாகிவிடாது. பட்டும் வாசனையும் இல்லை என்றால் இல்லைதான். ஆனால் மலிவான சரக்கு என்பதால் அது சின்ன வியாபாரம் என்று எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

நம் ஊர் இஸ்லாத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த பழைய புத்தகங்களும் உண்டு. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஹெர்க்லாட்ஸ் என்பவர் ஜாஃபர் ஷரீஃப் என்ற தக்காண முஸ்லிமைக்கொண்டு எழுதவைத்து 1832ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்குகளையும் சொல்கிறது. முஸ்லிம் ஒருவரின் வாயாலேயே சொல்லப்பட்டது என்பதால் அதில் உயிர் இருக்கிறது. பிறகு வந்த கெஜட்டியர்களும், 1909ல் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாகப் போட்ட சாதிப் பட்டியலும் வேறு ரகம். லெப்பை, மரைக்காயர், ராவுத்தர் எல்லோரும் அங்கே தலைப்புகளாக இருக்கிறார்கள். இந்த மாதிரி எழுத்துகளின் பொதுத் தொனி ஒன்று உண்டு: இவர்கள் முழு முஸ்லிம்கள் அல்ல, பழைய இந்து வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணத்தில் கருகமணி கட்டுகிறார்கள், நலுங்கு வைக்கிறார்கள், தர்காவில் சந்தனக்கூடு எடுக்கிறார்கள். ஆகவே, பாதி.

பாதி என்று சொல்ல முழுசு எது என்று ஒருவன் முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியபோது நபி பிறந்த நாட்டில் மழை பெய்யவைத்தார், ஆறு ஓடவைத்தார், வயலில் நாற்று நடவைத்தார். தமிழில் காப்பியம் என்றால் நாட்டுப்படலம் வேண்டும், நாட்டுப்படலம் என்றால் வெள்ளம் வரவேண்டும். அரேபியாவில் அது கிடையாது என்பது அவருக்கும், அவரை ஆதரித்த சீதக்காதிக்கும் தெரியாதா? கீழக்கரைக் கப்பல்காரர்களுக்கு அந்தக் கடலே தண்ணீர் பட்ட பாடு. தெரிந்தேதான் செய்தார்கள். இளையான்குடியைப் பாருங்கள். அறுபத்துமூவரில் ஒருவரான மாறனார் பசித்து வந்தவருக்கு விதைநெல்லை எடுத்துச் சோறு போட்ட ஊர், இன்றைக்கு முஸ்லிம்கள் நிறைந்த ஊர். அங்கே யாரும் பாதிப் பாதியாக வாழவில்லை. கம்பராமாயணத்தில் கரைகண்டவராக நாம் கொண்டாடிய மு.மு. இஸ்மாயில், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர், நாகூர்க்காரர். எந்தத் தலைப்பின் கீழ் தர்ஸ்டன் அவரை எழுதியிருப்பார்?

இப்போது ஹாஜியார் வீட்டிலேயே இந்தச் சண்டை நடக்கிறது. பேரன் பொறியியல் படித்துவிட்டு வந்திருக்கிறான், கெட்டிக்காரன், ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறான். கந்தூரி, சந்தனக்கூடு, தர்காவில் ஃபாத்திஹா எல்லாம் மார்க்கத்தில் இல்லாதது, ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணைவைப்பது என்கிறான். திருமயம் பக்கத்துக் காட்டுபாவா பள்ளிவாசலுக்கு நன்னி, அதாவது அவன் பாட்டியான ஹாஜியார் மனைவி, போவதை நிறுத்த வேண்டுமாம். அந்த இடத்துக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு போவார்கள், எங்கள் ஆத்தாவும் போயிருக்கிறாள். நான் சும்மா இருக்காமல், "நீ சொல்றதத்தான் நூறு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரனும் எழுதிவச்சான், இதெல்லாம் அசல் இஸ்லாம் இல்லைன்னு" என்றேன். அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "மாமா, நான் வெள்ளைக்காரன் புக்கைப் படிச்சா சொல்றேன்? குர்ஆனையும் ஹதீஸையும் வச்சுச் சொல்றேன்" என்றான். அதுவும் நியாயம்தான். கப்ரு (சமாதி) வழிபாட்டை எதிர்த்து, 1328ல் காலமான மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யாவே காரசாரமாக எழுதியிருக்கிறார். இங்கிலாந்துக்காரனுக்கு இந்தப் பக்கம் வழிகூடத் தெரியாத காலம் அது. ஹாஜியார் தர்காவுக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டார், ஆனால் மனைவி போவதைத் தடுத்ததும் இல்லை. யார் கேட்டாலும் "அது அவங்க பாடு" என்பார்.

நன்னி அன்றைக்கு வெற்றிலை மடித்துக்கொண்டே பேரனைக் கேட்டார்: "அங்க ஓதுறது குர்ஆன்தானே? சோறு போடுறது ஏழைபாழைக்குத்தானே? இதுல எதுடா ஷிர்க்?"

"ஓதுறது சரி நன்னி. யாருக்காக ஓதுறீங்க? யாருகிட்ட கேக்குறீங்க?"

அதற்கு நன்னி சொன்ன பதிலை நான் இங்கே எழுதினால் அடுத்த ரமலானுக்கு எங்கள் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி வராது.